‘எறக்கு’ என்று சொல்ல ஓர் ஆள்

காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், ஹாலில் என் வீட்டுக்காரர் பெட்டியும் கையுமாக நிற்கிறார். நிமிர்ந்து, ஊருக்குக் கிளம்புகிறவரைப் போல ஒரு நிமிடம் நின்றார். பிறகு முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிப் பெட்டியைத் தரையில் வைத்தார். மூச்சு விட்டார். மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தார். கல்யாணமான புதிதில் வாங்கிய பழுப்பு நிறப் பெட்டி அது. ஒரு பக்கப் பூட்டு வேலை செய்யாது. உள்ளே ஒன்றுமே கிடையாது. வாசல் கதவு திறந்திருந்ததால், பால் பாக்கெட் எடுக்க வந்த எதிர் ஃப்ளாட் அக்கா இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் உள்ளே போய்விட்டார். இப்படியே நாலைந்து நாள் பார்த்திருக்கிறார். அப்புறம் ஒருநாள் லிஃப்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா. தினமும் பெட்டியத் தூக்குறாரு, மனசு கேக்காம கீழ வச்சிடுறாரு. நல்ல மனுஷன்தான்" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரிக்கா, பேசுகிறேன் என்றேன். நம்மைப் பற்றி இவ்வளவு சுவாரசியமான கதை ஒன்று வெளியே உலவுவது எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுப்பானேன்?

என் வீட்டுக்காரருக்கு வேலை, வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குவது. ஒரு வீட்டைக் காலையில் பிரித்து லாரியில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் இன்னொரு மாடியில் அதே வீடாக நிறுத்திவிடுவார்கள். அவருக்கு ஜோடி என் அண்ணன். இரண்டு பேரும் இருபது வருடமாக ஒன்றாகத் தூக்குகிறார்கள். பீரோவுக்குக் கீழே நிற்கிறவனை நம்பி மாடி ஏறலாம் என்றால், அவனை நம்பித் தங்கச்சியையும் கொடுக்கலாம் என்று அண்ணன் வீட்டில் சொன்னானாம். அப்படித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. என்னைப் பீரோவோடு சேர்த்துப் பேசியதற்கு இன்றுவரை நான் அவனை மன்னிக்கவில்லை.

அவர்கள் தூக்கும் முறையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். படியேறும்போது மேலே போகிற ஆள் பின்பக்கமாக நடப்பான். அவனுக்குப் பாரம் கொஞ்சம் குறைவு, ஆனால் கண் அவனுடையது. கீழே இருக்கிறவனுக்கு முகம் சாமானோடு ஒட்டியிருக்கும். அவனுக்குப் படியும் தெரியாது, திருப்பமும் தெரியாது. அதனால் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்பதை மேலே இருக்கிறவன்தான் சொல்ல வேண்டும். ‘எறக்கு’ என்பான், இருவரும் ஒரே நேரத்தில் வைப்பார்கள். அந்தச் சொல் வராமல் கீழே இருக்கிறவன் கையை விட்டால் யாருக்காவது கால் போகும். இருபது வருடமாக மேலே என் அண்ணன், கீழே என் வீட்டுக்காரர். ஆகவே ‘எறக்கு’ என்ற சொல்லை அவர் இருபது வருடமாகக் கேட்டிருக்கிறாரே தவிர, ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, பீரோவைத் தூக்கும்போது அல்ல. பியானோ ஒன்றை மூன்றாவது மாடியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து, லாரியில் கடைசியாகக் கிடந்த தலையணையைக் குனிந்து எடுத்தார். எடுத்தவர் நிமிரவில்லை. தலையணையைக் கையில் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தலையணைக்காரர்கள் நல்லவர்கள், திருப்பிக் கேட்கவில்லை. இப்போது அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

படுக்கையை விட்டு எழுந்ததும், பிசியோதெரபி செய்கிற பெண் ஒருத்தியிடம் அனுப்பினார்கள். ஒல்லியான பெண், கை எப்போதும் ஜில்லென்று இருக்கும், பேச்சில் மட்டும் சூடு. முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். தினமும் தூக்க வேண்டும், ஆனால் தினமும் முழு பலத்தையும் காட்டக் கூடாது. முதலில் காலிப் பெட்டி. பிறகு ஒரு புத்தகம், இரண்டு புத்தகம். ஒருநாள் கொஞ்சம் கனமாக, அடுத்த நாள் லேசாக. தூக்கும்போது உடம்புக்குப் பலம் வருவதில்லை, தூக்கிவிட்டுச் சும்மா இருக்கும்போதுதான் வருகிறது என்றாள். கடைசியாக அவரைப் பார்த்து விரலை ஆட்டினாள். "இன்னும் ரெண்டு தடவ தூக்கலாம்னு தோணும் பாருங்க, அப்ப நிறுத்தணும். தோணலன்னா, நீங்க ஏற்கெனவே தாண்டிப் போயிட்டீங்கன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பலம் இருக்கும்போதே நிறுத்துவது என்பது பாதி படியில் சாமானை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது மாதிரி இருக்கிறதாம். ஊரில் உள்ள பீரோவெல்லாம் தூக்கியவனைக் காலிப் பெட்டியைத் தூக்க வைத்துவிட்டாளே என்று வேறு வருத்தம். நான் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள். வலிக்கிறது என்று சொல்கிறவர்களிடம் முகத்தை மாற்றாமல் நிற்பது எனக்குத் தொழில். அவரிடமும் அப்படியே நின்றேன்.

அவருடைய வருத்தத்துக்கு வேறு காரணமும் இருந்தது. கம்பெனி சூப்பர்வைசர் ஒரு கெடு வைத்திருந்தார். எங்கள் கிளினிக் வேறு தெருவுக்கு மாறப்போகிறது, அந்த வேலையை இந்தக் கம்பெனிதான் எடுத்திருந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் வந்து தூக்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் பழைய ஜோடி பழையபடி. முடியாவிட்டால் அண்ணனுக்கு நிரந்தரமாக வேறு ஆளைப் போட்டுவிட்டு, இவரை ஆபீசில் ஃபோன் எடுக்க உட்கார வைத்துவிடுவார்கள். இவர் ஃபோனில் பேசினால் எதிர்முனையில் இருக்கிறவருக்கு ஃபோனே தேவைப்படாது, அத்தனை சத்தம். ஆனால் அவர் பயந்தது ஃபோனுக்கு அல்ல. என் அண்ணன் இன்னொருவனுக்கு ‘எறக்கு’ என்று சொல்வதை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை அவர் வாய்விட்டே சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் என் இஸ்திரிப் பெட்டியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். தையல் மெஷினின் தலைப்பாகத்தையும் காணோம். திருடன் வந்திருந்தால் டிவியை விட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியையா எடுப்பான் என்று யோசித்துக்கொண்டே கூட்டினேன். பழுப்புப் பெட்டியை நகர்த்தப் போனால் அது அசையவில்லை. திறந்தேன். இஸ்திரிப் பெட்டி, மெஷின் தலை, அவருடைய டூல்ஸ் பை, இரண்டு செங்கல், எல்லாவற்றுக்கும் மேலே இடுக்கில் ஆடாமல் இருக்க அந்தத் தலையணை. நான் கிளினிக்குக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வரும் வரை தூக்கியிருக்கிறார் மனுஷன். மறுநாள் காலை அவரால் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. நானும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன், எதிர் ஃப்ளாட் அக்கா தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முதுகு பிடித்தால் வழக்கமாகச் செய்வதுபோலப் பிடரியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார், "நான் என்ன பண்றது? யாரும் எறக்குன்னு சொல்லலையே."

அவர் சாக்குச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். தனக்குப் பலம் எங்கே தீர்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்ப்பது வேறொருவர் வேலை. தனியாக ஹாலில் நின்று தூக்கினால், நிறுத்தச் சொல்கிற ஆள் மேலே இல்லை. சாயங்காலம் வரை நான் வராமல் இருந்திருந்தால் சாயங்காலம் வரை தூக்கியிருப்பார்.

அன்றிலிருந்து அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் பெட்டியைத் தூக்குவார், நான் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு எட்டிப் பார்ப்பேன். மூச்சு சீராக இருக்கும்போதே, முகம் சிவப்பதற்கு முன்பே, ‘எறக்கு’ என்பேன். முதல் இரண்டு நாள் என் பேச்சு எடுபடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை தூக்கினார். அப்புறம் யோசித்து, அண்ணன் சொல்வது மாதிரி அடித்தொண்டையிலிருந்து, கடைசி எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். கை தானாக வைத்துவிட்டது. வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் என்ன சொன்னாலும் இவ்வளவு சட்டென்று கேட்டதில்லை. அதிகாரம் ருசியாகத்தான் இருக்கிறது. டிவிக்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை.

பெட்டியில் ஒரு புத்தகம் ஏறியது. பிறகு இரண்டு, பிறகு ஓர் அடுக்கு. சில நாள் லேசாக, காலியாகவே. அவசரமே இல்லாமல் மாதங்கள் போயின. அதில் எனக்கே ஒரு சந்தோஷம் தொற்றிக்கொண்டது. நானும் பக்கத்தில் நின்று, இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ ஆரம்பித்தேன். கிளினிக்கில் நாள் முழுக்கக் குனிந்து குனிந்து எனக்கும் இடுப்பு கெஞ்சிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் எதிரெதிராக உட்கார்ந்து எழுவதைப் பார்த்த எதிர் ஃப்ளாட் அக்கா, சமாதானமாகிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு, ஐயோ இவரை மறந்துவிட்டோமே என்று ஓடிவந்தேன். பெட்டி தரையில் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் போல இருந்தது, வைத்துவிட்டேன் என்றார். புதிதாகச் சைக்கிள் ஓட்டக் கற்றவர் முகம் அது. நான் இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வருவான். வந்தால் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருவான். அவன் வருவதற்கு முன் தைல வாசனை வந்துவிடும். எளைச்சுட்டியே என்றால், வெயில் என்பான். கடைவாய்ப் பல் வேறு அவனுக்கு ஒரு வருடமாக வலிக்கிறது. வாயேன், டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், ஆறு ஆள் தூக்க வேண்டிய சாமானை இரண்டு பேராகத் தூக்குகிறவன், அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நழுவிவிடுவான். இவரைப் பார்த்து, எப்ப வர்ற மாப்ள என்று மட்டும் கேட்பான். இவர் இல்லாத நாளெல்லாம் அவனுக்குப் புதுப்புது ஆட்கள்தான் ஜோடி. பழக்கமில்லாத ஆளைக் கீழே விட்டால் சாமான் போய்விடும் என்று அவனே கீழே நின்றிருக்கிறான். ஒருநாள் லீவு எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஜோடியை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்களோ என்று லீவும் எடுக்கவில்லை. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. வெயில் என்றே நம்பினோம்.

கிளினிக் மாறுகிற நாள் வந்தது. மேஜை, அலமாரி, எக்ஸ்ரே மெஷின் எல்லாம் லிஃப்ட்டில் போய்விட்டன. மிஞ்சியது நோயாளி சாய்ந்து படுக்கிற நாற்காலி. அதன் கைகள், விளக்கு, வாய் கொப்பளித்துத் துப்புகிற தொட்டி எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. அப்படியும் இரும்பு அடிப்பாகத்தோடு அது லிஃப்ட்டுக்குள் போகவில்லை. புதுக் கிளினிக் இரண்டாவது மாடியில், படிதான். நாற்காலிக்குப் பிளாஸ்டிக் சுற்றி, பட்டை போட்டு, இரண்டு பேரும் தோளில் மாட்டிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் கையில் ஃபோனோடு வந்து நின்றார்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கீழ்ப்பக்கம் போனார். அண்ணன் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "மொத நாளே கீழ வேணாம். நீ மேல போ மாப்ள" என்றான். சூப்பர்வைசரும் அதுவே சரி என்றார். இவர் என்னை ஒருதரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் அவர் கைக்கு வந்திருந்தது.

பாரத்துக்குக் கீழே யாரும் வரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் விளக்கைத் துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு நான் முன்னால் ஏறினேன். சூப்பர்வைசர் என் கூடவே வந்தார். கைப்பிடிச் சுவர்மேல் குனிந்தால் இரண்டு பேரும் தெரிந்தார்கள். இவர் பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறினார். முழங்கால் மடங்குகிறது, முதுகு நேராக இருக்கிறது, மூச்சு சீராக வருகிறது. அந்த மூச்சு எனக்குத் தெரியும், தினமும் காலையில் நான் கேட்கிற மூச்சு. முதல் மாடி வந்தது. அண்ணன் எப்போதும் நிறுத்தச் சொல்லும் இடம். இவர் நிறுத்தவில்லை, யோசித்தபடி தாண்டிவிட்டார். சூப்பர்வைசர் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன். இது என் அடுக்களை இல்லை.

அடுத்த திருப்பம். இன்னும் ஒரே ஒரு வரிசைப் படிதான் பாக்கி. அங்கே இவர் கண் சாமானைத் தாண்டிக் கீழே போனது. இருபது வருடத்தில் கீழே நிற்கிறவன் முகத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல்முறை.

"எறக்கு" என்றார்.

அடித்தொண்டையிலிருந்து, கடைசி எழுத்தை அழுத்தி. அண்ணனிடமிருந்து நான் எடுத்த குரலை என்னிடமிருந்து அவர் எடுத்திருந்தார்.

"எதுக்கு மாப்ள? இன்னும் ஒரு வரிசதானே" என்றது அண்ணனின் குரல், பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"எறக்குன்னா எறக்கு மச்சான்."

நாற்காலி தரையில் உட்கார்ந்தது. சூப்பர்வைசர் நாலு படி இறங்கி வந்து, "என்னப்பா, முதுகா?" என்று கேட்டார். இவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஆமாம் சார், லேசாகப் பிடிக்கிற மாதிரி இருந்தது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது பொய். பிடித்தால் அவர் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? பிடரிக்குத்தான் போகும். இத்தனை மாதம் காலிப் பெட்டியில் ஆரம்பித்து ஒவ்வொரு புத்தகமாகச் சேர்த்ததை ஒரு வாக்கியத்தில் கொட்டிவிட்டாரே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தின் நடுவிலேயே அவர்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. இரண்டையும் விளக்கோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்திருந்தான். கால் சட்டைக்குள் கால் நடுங்குவது மேலேயிருந்தே தெரிந்தது. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தான்.

"பொய் சொல்றான் சார். முடியாமப் போனது எனக்கு. மேலருந்து பாத்திருக்கான்." அப்புறம் இவரைப் பார்த்து, "கடைசி ரெண்டு படி எப்படி ஏறுனேன்னே தெரியல மாப்ள" என்றான். என் அண்ணன் வாயிலிருந்து முடியவில்லை என்ற சொல்லை அன்றுதான் நான் கேட்டேன். சொன்னதும் அவன் முகம் இளகிவிட்டது.

சூப்பர்வைசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபோன் அடித்தது, எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டார். "யாரு மேல, யாரு கீழன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். கொஞ்ச தூரம் போய், நாளைக்கு நீ லீவுய்யா என்று அண்ணனுக்குக் குரல் கொடுத்தார்.

உட்காருண்ணா என்றேன். படியில் உட்காரப் போனவனை இவர் தடுத்து, நாற்காலியைக் காட்டினார். அண்ணன் அதைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல், பிளாஸ்டிக் சரசரக்க ஏறி உட்கார்ந்து, மெல்ல மெல்லச் சாய்ந்தான். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. துண்டை விலக்கி, எரியாத விளக்கை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "வாய நல்லாத் திறங்க" என்றேன். களைப்பில் திறந்தும்விட்டான். திறந்த வாயோடே சிரிக்க ஆரம்பித்தான், இவர் சுவரில் சாய்ந்து சிரித்தார், மேல் மாடியிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒரு பேஷன்ட் மாட்டிக்கொண்டார் என்றேன்.

சிரித்து முடித்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஜன்னல் வழியாக வந்த வெயில் பிளாஸ்டிக்கில் பட்டு அவன் தாடையில் ஆடியது. அண்ணன் கழற்றிய பட்டையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் கீழ்ப்பக்கத்துக்கு, தன் பழைய இடத்துக்குப் போனார். முழங்காலை மடக்கினார். முதுகை நேராக்கிக்கொண்டு, அண்ணனோடு சேர்த்து நாற்காலியின் ஒரு பக்கத்தை விரற்கடை உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தானாகவே இறக்கி வைத்தார்.